நாற்பத்தாறு சிவப்புத் தடிகள்

"நிப்பாட்டுங்கோ தம்பி, வண்டியை நிப்—"

"நீர் வண்டியை ஓட்டும் தம்பி, அவா அப்பிடித்தான், எங்க போனாலும்—"

"நிப்பாட்டச் சொல்லுறன். இஞ்சருங்கோ, நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

"ஏன் பேசாமல் இருக்கோணும்? மூண்டு நாள் லீவு. மூண்டு நாளும் நிலத்தைப் பாக்கிறேல்ல எண்டு சொல்லித்தானே வெளிக்கிட்டனாங்கள்?"

ஓட்டிக்கொண்டிருந்த நவ்பருக்கு யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியவில்லை. பின்னால் இருந்த பெண்ணின் குரலில் ஏதோ இருந்தது. பிரேக்கை மிதித்தான். கூரையும் கதவும் இல்லாத அந்தத் தடித்த டயர் வண்டி மணலில் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. இயந்திரம் அடங்கியதும் தாழம்புதருக்கு அப்பால் கடல் கேட்டது.

பாதையின் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டுத் தடிகள் நட்டிருந்தன. முழங்காலுக்கு மேல் உயரம். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சாண் சிவப்பு.

தயாளினி அந்தச் சிவப்பைப் பதினாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனையிறவுக்கு அப்பால் கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றுக்கு அவள் தலைவி. தடித்த அங்கி, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, கையில் சின்ன மண் வாரி. முழங்காலில் நின்று மண்ணை விரல் விரலாகக் கிளறிப் போவாள். ஒரு நாளைக்குப் பாய் விரிக்கிற அளவு நிலம் முடிந்தால் அது நல்ல நாள். சிவப்பு நுனிக்கு அப்பால் கால் வைக்கக்கூடாது. வெள்ளை நுனி நின்றால் அது துப்புரவாக்கிய நிலம். வன்னியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

கணவன் சதீஸுக்கும் தெரியும். ஆனால் பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் இதுதான் அவர்கள் வந்த முதல் சுற்றுலா. வட்டக்கச்சியில் ஓட்டோ ஓடுகிறவன், மகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, முல்லைத்தீவுக்கு வடக்கே கடற்கரை விடுதியொன்றில் அறை பிடித்து, இந்தச் சவாரிக்கும் அவனே ஆள் பிடித்து ஒழுங்கு செய்திருந்தான். சும்மா கூட்டிவரவும் இல்லை. கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில் தைத்த உடுப்பைச் சரிபார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது. கதிரையில் இருந்து செய்கிற வேலை. அவளுடைய முழங்கால் ஜவ்வு தேய்ந்துபோனதென்று டொக்டர் படம் எடுத்துக் காட்டியதிலிருந்து அவன் அதையேதான் கதைத்துக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமை விடியப்புறம் குழுவின் வாகனம் சந்திக்கு வரும். அதில் ஏறினால் இன்னொரு பருவத்துக்கு ஒப்பந்தம். ஏறாவிட்டால் தொழிற்சாலை. மூன்று நாளில் யோசித்துச் சொல் என்றிருந்தான்.

அவள் யோசித்துவிட்டாள். நேற்றுப் பின்னேரம் விடுதி முற்றத்தில் காலை நீட்டி இருந்தபோது, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் அது முடிந்துபோனது. போதும். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கால் நோகிறது, அவ்வளவுதான். இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை. சவாரி முடிகிற இடத்தில், களப்பு கடலோடு சேருகிற வாயடியில், இளநீர் குடிக்கும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தாள். சொன்னதும் அவன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

"அக்கா, பயப்படாதீங்க," என்று நவ்பர் திரும்பிச் சிரித்தான். "இந்தத் தடி எல்லாம் நான்தான் நட்டது. பாதை தெரியத்தானே. வெளிநாட்டு ஆக்கள் போட்டோ எடுத்தா வடிவா விழும்."

சதீஸ் தொடையில் தட்டிச் சிரித்தான். இவ இப்படித்தான் தம்பி, குசினிக்குள்ள உப்புப் போத்தலைத் தேடேக்கயும் முழங்காலில நிண்டுதான் தேடுவா என்றான். நவ்பரும் சிரித்தான். தயாளினிக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. முப்பது வயது வராத ஒருவன் பாதை தெரியட்டும் என்று தடி நட்டிருக்கிறான், அதற்கு இவள் குழுவையே நிறுத்துவதுபோல வண்டியை நிறுத்தியிருக்கிறாள். சரி, போவோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு தடி நின்றது. இருந்த இடத்திலிருந்தே எட்டி அதன் நுனியை நகத்தால் சுரண்டினாள். சிவப்புப் பூச்சு சின்னச் செதிலாகக் கழன்றது. அடியில் வெள்ளை.

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. தடியின் நீளத்தைப் பார்த்தாள். எல்லாம் ஒரே நீளம், ஒரே மட்டமாக மரமறுக்கும் வாளால் அறுத்தது. காட்டில் கத்தியால் வெட்டின தடி இப்படி இருக்காது.

"தம்பி, இந்தத் தடியளை எங்கயிருந்து எடுத்தனீர்?"

நவ்பர் முதலில் சுற்றி வளைத்தான். முஸ்லிம் ஆட்களை எல்லாம் வெளியேற்றிய தொண்ணூறில் தன்னுடைய குடும்பமும் இங்கிருந்து போனது என்றான். தான் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில், வாப்பாவின் காணிக்குத் திரும்பி வந்து நாலு வருடம்தான் ஆகிறது என்றான். வண்டி மச்சான் கட்டாரில் உழைத்து வாங்கித் தந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. கேட்டுக்கொண்டு இருந்தாள். கடைசியில் சொன்னான். அந்த வளைவுக்கு அங்கால, ஈச்சம் பற்றைக்குப் பின்னால், வெளியாய்க் கிடக்கிற நிலம். அங்கே வரிசை வரிசையாக நின்ற தடிகள். பழசு. சிலது சாய்ந்து கிடந்தது. மாடு மேய்க்கிற இளையதம்பி ஐயாவைக் கேட்டானாம். அந்த வேலையெல்லாம் முடிஞ்சு எல்லாரும் போயிட்டினம் தம்பி, என்ர மாடு அதுக்குள்ளதான் மேயுது என்றாராம்.

"எத்தினை தடி?"

"நாப்பத்தாறு."

"எப்ப பிடுங்கினது?"

"மாசியில."

"எல்லாம் சிவப்போ?"

"இல்லக்கா. பாதிக்கு மேல வெள்ளை. ரெண்டு நிறமா இருந்தா பாக்க ஒரு மாதிரி. அதுதான் ஒரு டின் பெயின்ட் வாங்கி எல்லாத்துக்கும் ஒரே சிவப்பா அடிச்சேன்."

சதீஸின் கை தொடையில் அப்படியே கிடந்தது.

வேலை முடிந்து போன நிலத்தில் தடி நிற்காது என்பதை அவள் சொல்லவில்லை. முடிந்தால் தாங்களே எண்ணிப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். நின்றிருந்தால், யாரோ பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு கோடு இருந்திருக்கும். யாரோ ஒருத்தி முழங்காலில் நின்று, ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போயிருப்பாள். இப்போது கோடு இல்லை.

"ஒருத்தரும் பதறாதேங்கோ. ஒருத்தரும் பக்கத்தால இறங்காதேங்கோ," என்றாள். "வண்டி இஞ்சயே நிக்கட்டும். பின்பக்கத்தால இறங்கி, டயர் அடையாளத்துக்கு மேல கால் வையுங்கோ. என்ர கால் பட்ட இடத்திலதான் உங்கட கால் படவேணும். தம்பி நீர் கடைசியா வாரும்."

இந்தப் பாதையில் ஒவ்வொரு நாளும் நாலு தரம் ஓடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லையே என்று நவ்பர் சொல்லிப் பார்த்தான். டயர் போன இடம் மட்டும்தான் போன இடம் என்றாள் அவள். வண்டியைத் திருப்ப இறக்குகிற இடம், ஆட்கள் ஒன்றுக்குப் போக இறங்குகிற இடம், போட்டோ எடுக்கப் பின்னால் நகர்கிற இடம் எல்லாம் எது என்று கேட்டாள். அவன் விரலை நீட்டிக் காட்டினான். காட்டிய இடம் ஒன்று அந்த வெளிக்கு மிகக் கிட்டவாக இருந்தது. அதன் பிறகு அவன் எதிர்க்கதை கதைக்கவில்லை.

சதீஸ் இறங்கும்போது எதையோ சொல்ல வந்து விட்டுவிட்டான். மனைவி வேலைக்குப் போவதும் வருவதும்தான் அவனுக்குத் தெரியும். புழுதி படிந்த சப்பாத்தும், எண்ணெய் பூசி உருவிவிடச் சொல்லுகிற முழங்காலும் தெரியும். இந்தக் குரலை அவன் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. அதில் கோபமும் அவசரமும் இல்லை. ஆனால் அதை மீறி ஒரு அடி வைக்க அவனால் முடியவில்லை.

மூவரும் வந்த வழியே கடற்கரைப் பக்கமாக வரிசையாக நடந்தார்கள். பதினொரு மணி வெயில் மணலில் பட்டு முகத்தில் அடித்தது. முன்னூறு மீற்றர் தூரத்தை நடக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் சென்றது. இரண்டு இடத்தில் காற்று டயர் அடையாளத்தை மூடியிருந்தது. அந்த இடங்களில் அவள் குந்தி, முழங்காலை ஊன்றி, கன்னம் மண்ணில் முட்டுகிற மாதிரிச் சாய்ந்து பார்த்து, பிறகுதான் எழும்பினாள். இரண்டாவது தரம் எழும்ப அவளுக்கு ஏலவில்லை. சதீஸ் பின்னால் இருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டான். நன்றி சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

கடல் ஈரம் பட்ட இறுகிய மணலுக்கு வந்ததும் நவ்பர் அப்படியே இருந்துவிட்டான். சதீஸ் பையில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து முதலில் அவனிடம் கொடுத்தான். கரையோரம் ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. தயாளினி அதன் நிழலில் கால் நீட்டிச் சாய்ந்தாள். கண்ணை மூடினாள். மூடின கண்ணுக்குள்ளேயும் தடிகள்தான் நின்றன.

ஒன்றும் சொல்லாமல் போய்விடலாம். அந்த எண்ணம் அவளுக்கு வந்தது, அதை அவள் விரட்டவும் இல்லை. தான் லீவில் நிற்கிறவள். திங்கட்கிழமையிலிருந்து இது தன்னுடைய வேலையும் இல்லை. மாசியிலிருந்து ஆட்கள் போய்வருகிறார்கள், மாடு மேய்கிறது. பின்னேரம் விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுக்கலாம். நாளைக்கு வீடு.

நவ்பர் எழும்பி வந்து சற்றுத் தள்ளி நின்றான். அவன் கண் சிவந்திருந்தது.

"அக்கா, நீங்க யாருக்கும் சொல்லாட்டி, பின்னேரமே நான் எல்லாத்தையும் கொண்டுபோய்த் திருப்பி நட்டுடுவேன். வெள்ளையும் அடிச்சுடுவேன்."

"எந்தத் தடியை எங்க நடுவீர் தம்பி?"

அவன் யோசித்தான். பிடுங்கியவை ஒரே கட்டாகத்தான் வந்தன. எந்தத் தடி எங்கே நின்றது என்று அவன் எண்ணி வைக்கவில்லை. அவன் தலை குனிந்துகொண்டது.

தயாளினி தொலைபேசியை எடுத்தாள். அவளுடைய கள மேலாளர் நடராசா இரண்டாவது அழைப்பில்தான் எடுத்தார். வள்ளத்தடியில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை, அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். லீவிலயும் விடமாட்டீர் போல என்று அவர் பகிடியாகத்தான் தொடங்கினார். அவள் இடத்தைச் சொன்னாள். தடியின் எண்ணிக்கை, மாதம், பூச்சு எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னாள். அவர் பகிடியை விட்டுவிட்டார். பிடுங்கின ஆள் பக்கத்தில் இருக்கிறானா என்று கேட்டார். இருக்கிறார், ஓடி ஒளிக்கிற ஆளில்லை, தெரியாமல் செய்தவர் என்றாள். நவ்பர் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பின்னேரத்துக்குள் ஆட்கள் வந்து எச்சரிக்கை நாடா கட்டுவார்கள், அதுவரைக்கும் ஒருவரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாட்டுக்காரருக்கும் சொல்லவேண்டும்.

"வரைபடம் ஒண்டு எங்கயாவது இருக்கும், தேடி எடுப்பம்," என்றது நடராசாவின் குரல். "எண்டாலும் தடி இல்லாத நிலத்தில வரைபடத்தை நம்பி ஒரு பிள்ளையையும் இறக்கேலாது. முதலிலயிருந்துதான். ஒரு வருசம், கூடவும் போகும். உம்மைத்தான் அங்க போடுறன் தயாளினி. பாதையைக் கண்ணால பாத்த ஆள் நீர். திங்கள் வாறீர்தானே?"

அவள் சதீஸைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு கதைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நான் நேற்றே முடிவெடுத்துவிட்டேன், விடப்போகிறேன். அவ்வளவுதான் வசனம். அவன் எதிர்த்து ஒரு சண்டை பிடித்தால் நல்லது. பாதையில் பிடித்தது போல, வாய்க்கு வாய். போகவிட மாட்டேன் என்று அவன் சொன்னால் அவள் அதைப் பிடித்துக்கொள்வாள். அவன் மறிக்கட்டும், மேலாளருக்கும் அவனே சொல்லட்டும். அதைக் கேட்க வேண்டும்போல் அவளுக்கு இருந்தது.

நவ்பர் மாட்டுக்காரரைத் தேடிக் கரையோரமாக நடக்கத் தொடங்கினான். ஈர மணலை விட்டு ஒரு அடி விலகவில்லை.

சதீஸ் வந்து வள்ளத்தடியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். அவளுடைய வலது முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணை உள்ளங்கையால் தட்டிவிட்டான். மறுகாலையும் தட்டிவிட்டான். முழங்காலை மெல்லப் பிடித்து அழுத்தினான். அவன் முகத்தில் இப்போது பகிடி இல்லை. ஒருவித மரியாதை இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் களைப்பாக வந்தது.

"நான்தான் விளங்காமல் கதைச்சுக்கொண்டு இருந்திட்டன், தயா. இனி மறிக்கமாட்டன். திங்கட்கிழமை எத்தினை மணிக்கு உன்னைச் சந்தியில இறக்கோணும்?"