பேய்மிரட்டிக்கு ஒரு கோப்பை

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலின் தலையெழுத்தையே மாற்றப்போகும் மாபெரும் அறிவிப்பு ஒன்று சர்ச் ஹால் கதவில் ஒட்டப்பட்டது. இந்த ஆண்டுத் தோட்டப் போட்டியில், ரோஜாவுக்கும் டேலியாவுக்கும் அப்பால், 'புதினாக் குடும்பத்தைச் சேர்ந்த நம் மண்ணின் பூச்செடிகள்' என்றொரு புதிய பிரிவு! தனிக் கோப்பை! பெங்களூரிலிருந்து நடுவர்!

"புதினாவா? பிரியாணிக்குப் போடலாமா?" என்று கேட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தது. ஏனோக் மட்டும் நகரவில்லை. சுரங்கம் மூடும்வரை, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை ஓட்டியவர். அதன்பின் பதினாறு முறை ரோஜா வைத்து, பதினாறு முறையும் தன் பழைய ஃபோர்மன் கிளாரன்ஸிடம் தோற்றவர். காட்டுச்செடிப் போட்டிக்கெல்லாம் பெயர் கொடுப்பதில்லை என்று கிளாரன்ஸ் சொல்லிவிட்டார். இதை விட்டால் இந்த ஜன்மத்தில் கோப்பை ஏது?

மறுநாளே சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுக்குப் போய், புதினாவின் காட்டுச் சொந்தமான பேய்மிரட்டிக் கன்று ஒன்றைப் பெயர்த்துவந்து தொட்டியில் வைத்தார். மேட்டில் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. இங்கே சாணம், புண்ணாக்கு, மீன் கழுவிய தண்ணீர் என்று மூன்று வேளைச் சாப்பாடு. இரண்டு மாதத்தில் இலை இலையாகக் கொழுத்தது. பூவைத்தான் காணோம்.

ஏனோக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெபத்தின் நடுவே எழுந்து போனார். சோற்றில் கை வைத்தவர் தொட்டியைப் பார்க்க ஓடினார்.

"இன்னாங்க, எனக்குத் தலைவலின்னா ஒரு மாத்திரை வாங்கினு வரமாட்டீங்க. அதுக்கு மட்டும் புண்ணாக்கா?" என்றாள் அவர் மனைவி மரியகுழந்தை.

"பூக்கிற நேரம்டி. கம்முனு இரு."

"பேயையே மிரட்டுற செடி, உங்களப் பாத்து மெரண்டு போய் கீது."

கேட் பக்கம் கிளாரன்ஸின் தலை தெரிந்தது. "இன்னா ஏனோக்கு, மேட்டுல இதோட அக்கா தங்கச்சிங்கள்லாம் பூத்துக் கொட்டுது. இது இன்னாத்துக்கு சும்மா நிக்குது?"

"ஷிப்ட் மாறினா பூக்கும் சார்."

போட்டி நாளும் வந்தது. அந்தப் பிரிவுக்குத் தன்னைத் தவிர யாரும் பெயர் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் ஏனோக்குக்கு உயிர் வந்தது. எதிராளி இல்லாத பந்தயத்தில் யார் தோற்கடிப்பது? மரியகுழந்தையிடம் கோப்பை வைக்க அலமாரியின் மேல்தட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

நடுவர் ஷில்பா குனிந்து ஒவ்வோர் இலையாக விலக்கிப் பார்த்தாள்.

"லீஃப் சூப்பரா இருக்கு சார். பூ எல்லி? எங்க சார்?"

"நாளைக்கு வந்துரும்மா."

"காம்பிடிஷன் இன்னைக்கு சார்."

மாலையில் முடிவை ஒட்டினார்கள். முதல் இடத்துக்கு நேரே வெறும் கோடு. ஒரே ஒருவர் கலந்துகொண்ட பிரிவில் ஏனோக் இரண்டாவதாக வந்திருந்தார்.