இருபத்தைந்தரை அங்குலம்

எழில்மதி டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். பத்தாம் வகுப்பு 'சி' பிரிவுக்கு இது நன்றாகத் தெரியும். டீச்சர் கத்துகிறவரை ஆபத்தில்லை. மெதுவாகப் பேச ஆரம்பித்தால் கடைசி பெஞ்சும் நோட்டைத் திறந்துவிடும். அந்த வியாழக்கிழமை சாயங்காலம், சின்னசேலம் ரோட்டில் கண்ணாயிரத்தின் கதவுப் பட்டறைக்குள் ஒரு கிட்டாரோடு நுழைந்தவர், ஏறக்குறைய ரகசியம் சொல்கிற குரலில் கேட்டார்.

"அண்ணா, இது இன்னாங்கண்ணா?"

"கிட்டாருங்க டீச்சர்" என்றார் கண்ணாயிரம், கேள்வித்தாளில் முதல் கேள்விக்கே விடை தெரிந்துவிட்ட பூரிப்போடு.

கிட்டார்தான். ஆனால் அதற்கு முன்னால் அது பதினோரு மாதம் டீச்சர் வீட்டுக் கட்டிலுக்கடியில் பலகையாகக் காய்ந்தது. அதற்கும் முன்னால், கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம், கூட வேலை பார்க்கும் மலர்விழியின் அப்பா நிலத்தில் பலாமரமாக நின்று, ஒரு காற்றில் சாய்ந்தது. அறுத்த பலகைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டு டீச்சர் பஸ்ஸில் கொண்டுவந்தார். வளைவு வளைவாக இறங்கிய அந்தப் பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் வந்து சேர்ந்த ஒரே பயணி அந்தப் பலகைதான்.

டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மரவேலை. ஸ்டூல், புத்தக அலமாரி, ஒரு கால் மட்டும் ஆடும் டீப்பாய் என்று படிப்படியாக முன்னேறி, இப்போது முதல் எலெக்ட்ரிக் கிட்டார். ஆசிரியர் அறையில் இது தெரிந்த நாளிலிருந்து பி.டி. சார் தங்கமணி தினமும் பூரிக்கட்டை எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்துவந்தார். சனிக்கிழமை ஆண்டு விழா. அழைப்பிதழில் தலைமையாசிரியை அச்சடித்தே விட்டார்: 'எலெக்ட்ரிக் கிட்டார் இசை – திருமதி எழில்மதி, எம்.எஸ்சி., பி.எட். (தாமே செய்தது).' முதல் வரிசையில் தனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று தங்கமணி சார் சொல்லிவைத்திருந்தார். காதில் வைக்கப் பஞ்சு வீட்டிலிருந்தே கொண்டுவருவாராம்.

கிட்டாரில் எல்லாமே ஓர் அளவைப் பொறுத்தது. கழுத்தின் உச்சியில் கம்பி தொடங்கும் இடத்துக்கும், உடம்பில் அது முடியும் பாலத்துக்கும் நடுவிலுள்ள தூரம். டீச்சர் அதை இருபத்தைந்தரை அங்குலம் என்று வைத்துக்கொண்டார். அதற்கேற்ப, வீணையில் இருப்பது போல விரல் வைக்கும் இருபத்திரண்டு மெட்டுகளுக்கும் இடம் கணக்கிட்டு, பொடி ரம்பத்தால் அவை உட்காரும் காடிகளை ஒவ்வொன்றாகக் கையால் அறுத்தார். அந்தக் கணக்கு மட்டும் நாற்பது பக்க நோட்டில் பாதி.

வீட்டில் செய்ய முடியாத வேலை ஒன்றே ஒன்று. கம்பிகள் உடம்பைத் துளைத்துப் பின்பக்கம் போக ஆறு ஓட்டைகள் வேண்டும். கையால் போட்டால் கோணிக்கொள்ளும். கள்ளக்குறிச்சியில் நிலையும் கதவும் செய்கிறவர்களில் கண்ணாயிரத்திடம்தான் செங்குத்தாகத் துளைக்கும் பெரிய மிஷின் இருந்தது. திங்கட்கிழமை டீச்சர் பென்சிலால் புள்ளி வைத்து, பக்கத்திலேயே '25½' என்று சீட்டும் ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். புதன்கிழமை வாங்கிப்போய்ப் பாலத்தைப் பூட்டிக் கம்பி கட்டினார்.

வெறும் கம்பியைத் தட்டினால் போனில் சுருதி பார்க்கும் ஆப் பச்சை காட்டியது. விரலை வைத்தால் சிவப்பு. பன்னிரண்டாவது மெட்டில் மேல் ஷட்ஜம் வரவேண்டும். வந்தது, ஆனால் படியேறும்போது படி எட்டாமல் கால் வைத்தவர் மாதிரி, கொஞ்சம் கீழே. ஆறு கம்பியும் அப்படியே. பாலத்தில் இருக்கும் சின்னத் திருகுகளைக் கடைசிவரை முறுக்கிப் பார்த்தார். போதவில்லை. தன் நோட்டை முழுக்கத் திரும்பக் கணக்குப் போட்டார். தப்பே இல்லை. கடைசியாகத்தான் டேப்பை எடுத்து அளந்தார். இருபத்தாறு. டேப்பின் மேல் சந்தேகப்பட்டு இரும்பு ஸ்கேலால் அளந்தார். இருபத்தாறேதான்.

"நான் வெச்ச புள்ளி எங்கண்ணா?"

கண்ணாயிரம் கொஞ்சமும் கூசவில்லை. சீட்டைப் பார்த்ததும் தனக்குத் திக்கென்று ஆகிவிட்டதாகச் சொன்னார். மனையடி சாஸ்திரத்தில் இருபத்தைந்து ஆகவே ஆகாது. இருபத்தாறு என்றால் இந்திரனைப் போல வாழலாம். டீச்சருக்கு விவரம் தெரியாது என்று தானே பார்த்து அரை அங்குலம் தள்ளிப் போட்டுவிட்டாராம். மிஷினுக்கு ஒரு எலுமிச்சம்பழமும் நசுக்கினாராம்.

"அது ரூமுக்குப் பாக்கறதுண்ணா. அடிக்கணக்கு. இது அங்குலம்."

"அங்குலம் சேந்ததுதான டீச்சர் அடி?"

"இதுல யாரும் குடித்தனம் பண்ணப் போறதில்ல."

"சத்தம் பண்ணப் போவுதுல்ல?"

டீச்சரின் குரல் இன்னும் ஒரு படி இறங்கியது. பதினோரு மாதம் காயவைத்த பலகை, இருபத்திரண்டு காடி, பாதி நோட்டு, எல்லாவற்றையும் ஒரு எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து நசுக்கிவிட்டீர்களே என்று கேட்டார். அளவு என்றால் அளவு. அவரவர் இஷ்டத்துக்கு அரை அங்குலம் தூக்கிப்போட அது என்ன மொய்யா என்று கேட்டார். கண்ணாயிரம் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் பணிவாகக் கேட்டுக்கொண்டார். அவர் மகள் சுபஸ்ரீ அதே பத்தாம் வகுப்பு 'சி' பிரிவு. டீச்சர் திட்டி முடித்ததும் கண்ணாயிரத்துக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"பாப்பா பரிச்ச பேப்பர்ல இருவத்தஞ்சர வருதுன்னு வைங்க. நீங்க மொத்தம் இன்னா போடுவீங்க டீச்சர்?"

டீச்சர் கிட்டாரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"இருவத்தாறு" என்றார் கண்ணாயிரம். "அதத்தான நானும் செஞ்சேன்."

பதினேழு வருடத்தில் அரை மார்க்கு அரை மார்க்காகத் தூக்கிவிட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் பட்டறை வாசலில் வரிசையாக நின்று சிரிப்பது போலிருந்தது டீச்சருக்கு. அதில் முதல் ஆளாக சுபஸ்ரீ. கோபம் போகவில்லை. போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றியது.

ஆனால் நாளை மறுநாள் சனிக்கிழமை. பழைய ஓட்டைகளைத் தானே அடைத்துத் தருவதாகவும், சரியான இடத்தில் ஆறு மறுபடி போட்டுத் தந்தால் போதும் என்றும் இறங்கிவந்து கேட்டார். கண்ணாயிரம் காதைத் தொட்டுக்கொண்டார். வேறு எது வேண்டுமானாலும் கேட்கலாம், தன் கையால் இருபத்தைந்து போடமாட்டாராம். போன வருஷம் தச்சூரில் ஒருவர் சொல்பேச்சுக் கேட்காமல் இருபத்தைந்தடி ஹால் கட்டினார். மறு மாதமே டி.வி. ரிப்பேர்.

வேறு பட்டறைக்குப் போகலாம் என்றால், அங்கே இந்த மிஷின் இல்லை; அவர்களும் அளவு கேட்க இவரிடம்தான் வருவார்கள்.

அப்போது எழில்மதி டீச்சர் ஒரு காரியம் செய்தார். அதைச் செய்யும்போது அவருடைய எம்.எஸ்சி. கணிதம் முதுகுக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டது.

"அங்குலத்த உடுங்கண்ணா. மில்லிமீட்டர்ல போடுங்க. அறுநூத்தி நாப்பத்தெட்டு." உண்மையில் அறுநூற்று நாற்பத்தேழு புள்ளி ஏழு. அவரும் தூக்கித்தான் போட்டார். "கூட்டிப் பாருங்க."

கண்ணாயிரம் விரல் மடக்கினார். ஆறும் நாலும் பத்து, எட்டு பதினெட்டு, ஒன்றும் எட்டும் ஒன்பது. முகம் சுருங்கியது.

"மனையடில ஒம்போது ஆவாதே டீச்சர்."

டீச்சர் மனசுக்குள் வேறு எண் தேட ஆரம்பித்தார்.

"ஆனா எண் ஜோசியத்துல ஒம்போது செவ்வாயி" என்று கண்ணாயிரம் தானே தொடர்ந்தார். "இது கரண்டுல ஓடுறதுதான? செவ்வாய்க்கிக் கரண்டு ஒத்துக்கும்." எழுந்துபோய் மிஷினைப் போட்டார்.

பலாக்கட்டையிலேயே குச்சி சீவி, பசை தடவி, பழைய ஓட்டைகளை அடைத்தார் டீச்சர். ஸ்கேலை வைத்துப் புள்ளி வைத்தார். மிஷின் இறங்கும்போது பலகைக்குப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்னால் கண்ணாயிரத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை அறையில் பிட் அடிப்பவனைப் பார்க்கும் அதே பார்வை. பாலத்தைப் பூட்டி அங்கேயே கம்பி கட்டினார். வெறும் கம்பி, பச்சை. பன்னிரண்டாவது மெட்டு, பச்சை. ஆறு கம்பியும் பச்சை. சனிக்கிழமை பஞ்சைக் காதிலிருந்து எடுத்து எங்கே வைப்பது என்று தங்கமணி சார் யோசிக்கவேண்டியிருக்கும்.

"செவ்வாயி பேசுது பாத்தீங்களா?" என்றார் கண்ணாயிரம். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

கண்ணாயிரம் கிட்டாரை வாங்கிப் பின்பக்கம் திருப்பி ஆசையாகத் தடவினார். அடைத்த ஓட்டை ஒரு வரிசை, புது ஓட்டை ஒரு வரிசை. தடவிய விரல் எண்ண ஆரம்பித்தது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணியது.

"டீச்சர், பன்னெண்டு. பன்னெண்டு ஆவாது." அவர் கண் மிஷின் பக்கம் போனது. "இன்னும் நாலே நாலு போட்டா பதினாறு..."

எழில்மதி டீச்சர் சுவரோரம் போய் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினார். கிட்டாரைக் கண்ணாயிரத்தின் கையிலிருந்து பிடுங்கினார். டீச்சரின் ஸ்கூட்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான், வயரிலிருந்து பிய்ந்து வந்த பிளக்கையும் அவர் கையோடு கொண்டுபோய்விட்டார் என்பது பட்டறைக்குத் தெரிந்தது.