மேற்கே நகரும் வீடு

1952 டிசம்பர் 3, திருவொற்றியூர். என் தோட்டத்துக் கீழைச் சுவரில் பிறர் வீட்டு வாசற்கால் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. என் அனுமதி பெறப்படவில்லை. இக்கதை அதிலிருந்து பிறந்தது. 'கடலோர இல்லத்தின் அமைதி' பற்றி ஒரு கதை வேண்டுமென்று வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் முன்னரே கேட்டிருந்தார் என்பதையும் மறைக்கமாட்டேன். அவர் குடியிருப்பது கடல் கண்ணில் படாத யானைக்கவுனியில்.

1

அலைகள் தாலாட்ட, அச்சிறு இல்லம்—

(அடித்துவிட்டேன். அலைகள் தாலாட்டவில்லை. சென்ற ஐப்பசியில் அவை கெங்கம்மா வீட்டு முன்னறையை எடுத்துச் சென்றன.)

2

கெங்கம்மா மீன் விற்பவள். கடலுக்கும் என் சுவருக்கும் இடையில், கணவன் மனோகரனோடு வாழ்கிறாள். இக்கரையினர் வீடு காக்கும் முறை விந்தையானது. கடல் கிழக்கறையைத் தொட்டதும், வாசற்காலை மட்டும் பெயர்த்தெடுத்து மேற்கே நட்டு, அதை ஒட்டிப் புதிய அறை எழுப்புவர். சுவர் போனால் சுவர்தான் போயிற்று. வாசற்கால் நின்றால் வீடு நிற்கிறது என்பது அவர்கள் தீர்மானம். இப்படியே நகர்ந்து நகர்ந்து, அடுப்படி மட்டும் எஞ்சிய நிலையில், அவள் வீடு என் சுவரை முட்டியிருக்கிறது. அடுத்த அறைக்கு உரிய இடம், என் நந்தியாவட்டைச் செடிகள் நிற்கும் இடம்.

(அடிக்குறிப்பாகக் கொள்க: கடல் இனி வராதென்று உறுதியளித்த அதிகாரி நின்று பேசிய இடத்தில் இப்போது கட்டுமரங்கள் மிதக்கின்றன.)

3

கதாநாயகியின் பண்பில் எனக்கு ஐயம் உண்டு. கண்ணீர் சிந்தவேண்டியவள், சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னா வாத்யாரே, காலைலேந்து எழுதிகினே கீற?"

"உன்னைப் பற்றித்தான்."

"அதுல எனக்கு வூடு கீதா?"

கதைக்கு நான் எழுதிய முதல் முடிவைப் படித்துக் காட்டினேன். அதில் அவள் காலடிப்பேட்டை உறவினரிடம் அடைக்கலம் புகுகிறாள்.

"அங்க எனக்கு யாரு கீறா? கட்டுமரத்த யாரு பாத்துக்குவா, உன் பத்திரிகைக்காரனா?"

இரண்டாம் முடிவில் கடல் மனமிரங்கிப் பின்வாங்குகிறது. சுவருக்கு அப்பாலிருந்து மனோகரன் சிரித்தான்.

"அத்த கடலாண்ட போய்ப் படி, நைனா. எங்களாண்ட எதுக்கு?"

4

மூன்றாம் முடிவு: ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர், தம் சுவரை இடிக்கச் சொல்லி—

(இவ்வாக்கியத்துக்குப் பயனிலை அகப்படவில்லை. ஆயுள் முழுதும் பயனிலை கேட்டுப் பிள்ளைகளை நிற்கவைத்தவனுக்கு இது இழுக்கு. ஆனால் அச்சுவர் நான் கட்டியது.)

5

இன்று மாலை அவளுடைய அடுப்படிக்குள் நீர் புகுந்துவிட்டது. அடுப்பைத் தூக்கி வந்து என் சுவரோரம் வைத்துக் குழம்பு கொதிக்கவைத்திருக்கிறாள்; புகை இத்தாளின்மேல் படிகிறது. மனோகரன் கடப்பாரையோடு நிற்கிறான். என் வாய்ச்சொல் இன்றி அவன் சுவரைத் தொடமாட்டான். எனக்குப் பெரிதும் எரிச்சலூட்டுவது அந்த மரியாதைதான்.

வாசகரே, மழை பிடித்துக்கொண்டது. இடிக்கலாம், இடிக்கக்கூடாது: இரண்டில் ஒன்றை இப்போதே, முழு வாக்கியத்தில், வாய்விட்டுச் சொல்லும். 'பார்க்கலாம்' என்னும் விடையை ஏற்கமாட்டேன். அதை நேற்றே நான் அவளிடம் சொல்லிவிட்டேன்.