குற்றவாளிக்கு டீ

அந்தக் கோர்ட் தொடரை ஏழாவது வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். பார்க்க ஆளில்லையாம். கொலை, கூண்டு, குறுக்கு விசாரணை என்று எல்லாம் இருந்தும், எதிர்ச் சேனலின் மாமியார் மருமகள் சண்டையிடம் மண்ணைக் கவ்வியது.

அதற்கு வசனம் எழுதியவளுக்கு இது வெறும் வேலை போன சமாச்சாரம் இல்லை. ஏழாவது வாரக் கதை அவள் தம்பியுடைய வழக்கு. பெயரையும் தொழிலையும் மாற்றியிருந்தாள், அவ்வளவுதான். செய்யாத கொலைக்கு ஆயுள் தண்டனை வாங்கி நான்கு வருடமாக உள்ளே கிடந்தான். நிஜ நீதிபதி சொல்லாததைத் தன் நீதிபதியாவது எட்டாவது வாரம் சொல்லட்டும், சிறை டிவியில் அவன் அதைக் காதாரக் கேட்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருந்தாள். எட்டாவது வாரமே இல்லை என்றதும் தயாரிப்பாளரிடம் ஓடினாள்.

"தீர்ப்பு மட்டும் வரட்டும் சார். ரெண்டே நிமிஷம்."

"சேனல்ல முடியவே முடியாதுன்னுட்டாங்கம்மா. கடைசில ஒரு வரி வேணா சேர்த்துக்கலாம். குரல் கொடுக்கிறவர் கிளம்பிட்டிருக்கார், சீக்கிரம் எழுதிக் குடு."

அதுவாவது கிடைத்ததே என்று நின்ற வாக்கிலேயே எழுதிக் கொடுத்தாள்.

படப்பிடிப்புத் தளத்துப் பேச்சை இங்கே சொல்லியாக வேண்டும். கூண்டில் நிற்க வருகிற நடிகருக்கு அங்கே பெயரே கிடையாது. "குற்றவாளிக்கு மேக்கப் ஆச்சா?" "குற்றவாளிக்கு டீ குடுப்பா, சர்க்கரை வேண்டாமாம்." குற்றம் சாட்டப்பட்டவர் என்று நீட்டி முழக்க யாருக்கு நேரம்? மூன்று மாதமாக அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை மாலை, வீட்டில் உட்கார்ந்து டிவியில் கேட்டாள். கனத்த குரல் சொன்னது: "எட்டு மாத விசாரணைக்குப் பின் குற்றவாளி விடுதலை செய்யப்பட்டார்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதியது அவள் கைதான், வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை.

புதன்கிழமை சிறையில் மனு போட்டுத் தம்பியைப் பார்க்கப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"பார்த்தோம்க்கா. எல்லாரும் கை தட்டுனாங்க."

"டேய், அந்த வார்த்தை... ஷூட்டிங்ல சொல்லிச் சொல்லி வாய்ல ஒட்டிக்கிச்சுடா. நான் அப்படி நினைக்கலை, சத்தியமா."

"தெரியும், விடுக்கா." வலைக்குக் கிட்டே வந்தான். "வீட்ல என்னைப் பத்தி என்ன சொல்றீங்க? மாமா எங்கன்னு உன் பொண்ணு கேட்டா?"

அவன் உள்ளே போனபோது மகளுக்கு இரண்டு வயது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தம்பியின் முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"வெளிநாட்டுல வேலைன்னு சொல்லி வச்சிருக்கோம்."

அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தலையை மட்டும் ஆட்டினான்.

"எந்த நாடுன்னு சொன்னீங்க? என்னைக்காவது வந்தா நானும் அதையே சொல்லணும்ல."

மகள் அதைக் கேட்டதே இல்லை, அவளும் யோசித்ததில்லை. அழுகைக்கு நடுவே வாய்க்கு வந்த ஒரு நாட்டைச் சொன்னாள். சரியாகக் காதில் விழவில்லை என்று அவன் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டான்.