மேலே தூக்கிய துப்பாக்கி

தங்கையன் ஆயுதப் போலீஸில் சேருமுன் திருவிதாங்கூர் பட்டாளத்தில் இருந்தவன். இரண்டு இடத்திலும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: மேலே இருப்பவர் சொன்னதும் கை செய்துவிட வேண்டும், யோசனையெல்லாம் அப்புறம்.

ஐம்பத்து நான்காம் ஆண்டு. திருவிதாங்கூரில் தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று எல்லையெங்கும் ஊர்வலமும் கடையடைப்புமாக இருந்த நேரம். பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சந்தை முக்கில் கூட்டம் பஸ்ஸை மறித்தது. போலீஸார் விலகச் சொன்னார்கள். பதிலுக்குக் கற்கள் வந்து விழுந்தன.

"காலைப் பார்த்துச் சுடு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

தங்கையன் பிறந்த ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். எதிரே நின்றவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகம். மனைவி ரத்னபாயின் சித்தப்பாவும் கொடியோடு முன்வரிசையில் நின்றார். 'முடியாது சாரே' என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் ராஜன் அதற்குள் கன்னத்தைத் துப்பாக்கியில் சாய்த்துவிட்டான். தங்கையன் வாய் திறக்கவில்லை. குழலை ஒரு சாண் மேலே தூக்கிச் சுட்டான். உத்தரவுக்கும் குறைவில்லை, யாருக்கும் கேடுமில்லை என்றிருந்தது அவனுக்கு.

கூட்டம் சிதறியது. காலில் குண்டு பட்ட மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போதுதான் சந்தைக்குப் பின்னாலிருந்த தென்னந்தோப்பில் ஒரு பெண் அலறினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தான். மரத்தடியில் பொன்னையன் கிடந்தான். கூலிக்குத் தேங்காய் பறிக்க ஏறியவன். ஊர்வலத்தின் பக்கமே போகாதவன். விலாவில் குண்டு பாய்ந்திருந்தது. இடுப்பில் வெட்டுக்கத்தி அப்படியே இருந்தது. அலறியவள் அவன் மனைவி விஜயம்மா. மற்றவர்கள் எல்லோரும் தாழ்த்திச் சுட்டவர்கள். மேலே போன குண்டு ஒன்றே ஒன்றுதான்.

மறுநாள் முகாமில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் நிறுத்தினார். "விசாரணைக்கு ஆள் வரும். மரத்தில இருந்தவன் கல்லெறிஞ்சான். எல்லாரும் ஒண்ணுபோல சொல்லணும். ஆர்டராக்கும்."

வெளியே வந்ததும் ராஜன் தோளைப் பிடித்தான். "சொல்லிரு மக்கா. சொல்லச் சொன்னது அவரு. பாவமும் அவருக்கத்தான்."

"எலே, துப்பாக்கி எனக்க கையில இல்லியா இருந்துது?"

விசாரணை அதிகாரியின் முன் தங்கையனுக்குக் குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னான். "அவன் கல்லெறியல்ல சாரே. தேங்கா பறிச்சிட்டு நின்னான். நான் மேல சுட்டது அவனுக்க மேல பட்டுது."

"மேலே சுட உமக்கு யார் உத்தரவு தந்தது?"

"ஆரும் தரல்ல."

உத்தரவை மீறியதற்காக அவனுக்கு வேலை போனது. பொன்னையன் கல்லெறிந்தானா இல்லையா என்பதை அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

சாமான்களோடு முகாமை விட்டுக் கிளம்பியபோது ராஜன் வாசல்வரை வந்தான். "அன்னைக்கு நீ முடியாதுன்னு உரக்கச் சொல்லியிருந்தா நானும் துப்பாக்கிய கீழ வச்சிருப்பேன்டே," என்றான். அது உண்மையா, ஆறுதலா, குற்றச்சாட்டா என்று தங்கையனுக்கு விளங்கவில்லை.

போராட்டக்காரர்கள் மாலையோடு வீட்டுக்கு வந்தார்கள். தமிழனைச் சுட மறுத்தவன் என்று மேடையில் ஏற்றவேண்டுமாம். "நான் மறுக்கல்ல. சுட்டேன். ஒருத்தன் செத்தான்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

பிறகு ஒரு நாள் காலையில் விஜயம்மாவைப் பார்க்கப் போனான். அவள் முற்றத்தில் நார் பிரிக்க ஊறிய தேங்காய் மட்டையைக் கட்டையால் தல்லிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

"சுடமாட்டேன்னு ஒரு வாக்கு சொல்லப்பிடாதா நீரு?"

"பேடிச்சுப் போச்சு அக்கா. பயந்துட்டேன்."

"விசாரணையில சொல்லுததுக்குப் பேடி இல்லியா?"

"உண்டு. அப்பவும் உண்டு."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். வையவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. "அந்தப் பேடியோட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்," என்றாள். பிறகு கட்டையை எடுத்துத் தல்லத் தொடங்கினாள்.