ஒரு ஆள் குறையுது

கலீலுர் றஹ்மான் ஹாஜியார் தன் உதைபந்தாட்ட அணிக்குக் கொரியாக்காரனை எடுத்த அன்று, பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை. மற்றெல்லாம் பார்த்தார். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் அவருடைய ஹாட்வெயார் கடை. கொழும்புத் தரகன் சஜீத் அந்தக் கடை வாசலில் தொக்சுவைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த தண்ணீர்க் குழாய்களோடு சேர்த்து அவனையும் மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார்.

"ஆறடி அஞ்சங்குலம்," என்றான் சஜீத். "தலையால அடிச்சா கோல்தான். வயசு முப்பத்திரெண்டு."

ஹாஜியார் குனிந்து தொக்சுவின் முழங்கால்களைப் பார்த்தார்.

"முழங்காலுக்கு எத்தின வயசு?"

சஜீத் சிரித்து மழுப்பினான். முழங்காலுக்கு முப்பத்தாறு. ஆளுக்கும் அதேதான். அந்த நாலு வருடத்தைச் சொல்லி ஹாஜியார் விலையை இறக்கினார், சஜீத் கப்பல் கணக்கில் பெருமூச்சு விட்டான், தேத்தண்ணீர் வந்தது, காரியம் முடிந்தது. தொக்சுவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்பது விளங்கியது. தாய்லாந்திலும் மலேசியாவிலும் மாலைதீவிலும் இதே தேத்தண்ணீரை வேறு வேறு கோப்பையில் குடித்திருக்கிறான்.

அவனுடைய உதைபந்தாட்ட வாழ்க்கையைச் சொல்லி முடிக்க அதிக நேரம் எடுக்காது. பள்ளிக்கூடத்தில் உயரமாக இருந்தான் என்பதற்காக முன்வரிசையில் போட்டார்கள். பெரியவனானபோது அதே உயரத்துக்காக மாற்றாட்களின் வாங்கில் இருத்தினார்கள். ஆட்டம் முடியப்போகிறது, ஒரு கோல் வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் பயிற்சியாளர் திரும்பி அவனைப் பார்ப்பார். அவன் எழும்பிப் போவான். உயரத்தில் வருகிற பந்தைத் தலையால் இறக்கிக் கொடுப்பான், வேறு யாரோ அடிப்பான், எல்லாரும் அந்த யாரோவின் மேல் விழுந்து கட்டிப்பிடிப்பார்கள். ஒரே ஒரு தடவை தேசிய அணிக்குக் கூப்பிட்டார்கள். கோட்டோரத்தில் ஆட்டம் முடியுமட்டும் ஓடி உடம்பைச் சூடாக்கினான். உள்ளே விடவில்லை. அவன் அம்மா தொலைக்காட்சியில் அவனைக் கண்டதாகச் சொன்னாள். பின்பக்கமாக, யாரையோ பேட்டி எடுக்கும்போது.

திருகோணமலையில் அப்படியில்லை. இங்கே எல்லா ஆட்டத்திலும் முதலிலேயே இறக்கினார்கள். கட்டைபறிச்சானில் இருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வந்து பார்த்தார்கள். கப்பலுக்கு வழிகாட்டுகிற வெளிச்சவீட்டின் பெயரையே அவனுக்கு வைத்தார்கள். கடைத்தெருவில் அவன் நடந்தால் மேல்தட்டுச் சாமானை எடுத்துத் தரச் சொல்லி மூன்று கடைக்காரராவது மறிப்பார்கள். முச்சக்கர வண்டிக்குள் அவன் மடிந்து ஏறுவதைப் பார்க்கவே சந்தியில் ஒரு கூட்டம் நிற்கும்.

வெளிச்சவீட்டை எல்லாருக்கும் பிடிக்கும். அதற்குள் யாரும் குடியிருப்பதில்லை, அவ்வளவுதான்.

அவனோடு கதைக்கக்கூடிய ஒரே ஆள் றுவைஸ். கொரியாவில் ஐந்து வருடம் இரும்புருக்கும் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்து ஹாஜியாரின் கடையில் நிற்கிறவன். கொரிய மொழியில் பெரியவரோடு கதைக்க ஒரு விதம், வேலைக்காரனை ஏவ ஒரு விதம். றுவைஸ் மொழியைப் பிடித்தது மேற்பார்வையாளரின் வாயிலிருந்து. ஆகவே அவனுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாவது விதம். "சாப்பிட்டீர்களா" என்று அன்பாகக் கேட்க நினைத்து, "தின்னடா" என்பான். முதல்நாள் தொக்சுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு பிடித்துவிட்டது. அம்மா போன பிறகு அவனைத் தின்னடா என்று யாரும் சொன்னதில்லை.

கடைக்கு மேலே அறை. கட்டிலின் கால்மாட்டில் ஒரு வாங்கைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், கால் நீட்ட. யன்னலால் பார்த்தால் உள்துறைமுகம் தெரியும். ஹாஜியாரின் மனைவி சுஹைரா மூன்று வேளையும் அடுக்குக் கரியரில் சாப்பாடு அனுப்புவார், உறைப்புக் குறைத்து. கூடவே கடதாசியில் சுற்றிய கரண்டியும் முள்ளும். தொக்சு கதவைப் பூட்டுவான். கரண்டியை ஒருபக்கம் வைப்பான். பிறகு வலக்கையால் சோற்றைப் பிசைவான். முதல் வாரங்களில் பாதி மடியில் விழுந்தது. சோற்றை விரலால் கூட்டி, பெருவிரலால் வாய்க்குள் தள்ள வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே கனகாலம் எடுத்தது. சாப்பிட்டு முடித்ததும் கரண்டியைக் குழம்பில் தோய்த்து, கழுவி, திருப்பி அனுப்புவான். பாவிக்கவில்லை என்று தெரிந்தால் அவர்கள் மனம் நோகக் கூடாது.

இதெல்லாம் எதற்கென்றால், சஹனுக்கு.

அணி வென்றால் மறுநாள் ஹாஜியார் வீட்டில் பகல் விருந்து. பாய் விரித்து, பெரிய வட்டத் தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சி வைத்துக் கொண்டு வருவார்கள். ஒரு சஹனுக்கு ஆறு பேர். ஆறு பேரும் சுற்றி இருந்து ஒரே தட்டில் கை வைப்பார்கள். ஹாஜியாரின் மச்சான் அன்ஸார்தான் விருந்து நிர்வாகம். ஒரு சஹனில் ஐந்து பேர்தான் இருந்தால் வாசலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "இங்க ஒரு ஆள் குறையுது. ஒரு ஆள் வாங்கோ." யாராவது கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருவான்.

தொக்சுவுக்கு மட்டும் மேசை. புதிதாக வாங்கிய மேசை, பூப்போட்ட விரிப்பு, கதிரை, பீங்கான் கோப்பை, கரண்டி, முள்ளு, முழுக்கோழிப் பொரியல், சோடா. மின்விசிறியையும் அவன் பக்கம் திருப்பி விடுவார்கள். அவன் சாப்பிடும்போது யாரும் அவனைப் பார்க்க மாட்டார்கள். விருந்தாளி உண்பதைப் பார்ப்பது மரியாதையில்லை. கதிரையில் இருந்து பார்த்தால் அவனுக்கு எல்லாருடைய உச்சந்தலையும்தான் தெரியும். மைதானத்திலும் அவனுக்குத் தெரிவது அதுதான்.

முதலில், இது மார்க்க விஷயமாக இருக்கலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்தினான். ஆனால் அணியில் ஆடுகிற அன்புவழிபுரத்து இராகுலன் சஹனில் இருந்தான். நெற்றியில் திருநீறோடு, பக்கத்தில் இருந்த கோல் கீப்பர் அஸ்ஹானின் ஈரல் துண்டைக் களவெடுத்துக்கொண்டு. அப்போ இது தன்னைப் பற்றிய விஷயம்தான்.

அன்ஸார் என்ன கத்துகிறார் என்று ஒருநாள் றுவைஸிடம் கேட்டான்.

"ஆள் போதாது. வா," என்று மொழிபெயர்த்தான் றுவைஸ்.

தொக்சு தலையாட்டினான். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த அழைப்பு. அதைக் கேட்டு எழும்பித்தான் இவ்வளவு காலமும் பிழைத்தான். இங்கே அதுகூடத் தன்னை நோக்கி வரவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்க, ஹாஜியார் அவனைக் கடைக்குக் கூப்பிட்டார். அடுத்த பருவமும் நிற்கிறானா, போகிறானா? விருந்தன்று பதில் வேண்டும். போவதென்றால் விமானச்சீட்டு எடுக்க வேண்டும்.

தொக்சு யோசிக்கவேயில்லை. "போகிறேன்." புசானில் அண்ணனுக்குக் கோழிப் பொரியல் கடை இருந்தது. பொரிக்க ஆள் தேவை.

ஹாஜியார் அதிரவில்லை. நாற்பது வருடமாகக் கடை வாசலில் 'வேணாம்' என்று சொல்லிவிட்டு நாலு எட்டு வைத்துத் திரும்பி வந்தவர்களைப் பார்த்த மனிதர்.

"அறைக்கு ஏசி போட்டுத் தாறன் எண்டு சொல்லு."

றுவைஸ் சொன்னான். தொக்சு தலையசைத்தான், இல்லையென்று.

"கட்டில் அளவெடுத்துச் செஞ்சு தாறன். வாங்கு கட்டத் தேவல்ல."

இல்லை.

"கதவு நிலைய உசத்துறன். ஒவ்வொரு நாளும் நெத்தி இடிபடுது, நான் கண்டனான்."

தொக்சு தன் நெற்றியைத் தடவிப் பார்த்தான். ஆனாலும் இல்லையென்றான்.

ஹாஜியார் கதிரையில் சாய்ந்தார். "மனே றுவைஸ், விலை சொல்லாதவனோட யாவாரம் செய்ய ஏலாடா. ஒண்டு அவனுக்கு விக்க விருப்பமில்ல. இல்லாட்டி, தன்னட்ட என்ன இருக்கெண்டு அவனுக்கே தெரியா. என்ன வேணுமெண்டு கேளு."

றுவைஸ் கேட்டான். அவன் பாணியில்: "என்ன வேணும், சொல்லு, கெதியா."

முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, என்னையும் உங்களோடு நிலத்தில் இருத்துங்கள் என்று எப்படிக் கேட்பது? அதுவும் றுவைஸின் வாய் வழியாக? அது வெளியே வரும்போது மேற்பார்வையாளரின் கட்டளையாகி நிற்கும். தொக்சு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நெற்றி இடிபடாமல் குனிந்து வெளியே போனான்.

இறுதி ஆட்டத்தில் வென்றார்கள். தொக்சு தலையால் இறக்கிக் கொடுத்தான், இராகுலன் அடித்தான், எல்லாரும் இராகுலனின் மேல் விழுந்தார்கள். கடைசி நேரத்தில் ஒரு பந்தைத் தடுக்கப்போய் அஸ்ஹானின் வலக்கை கம்பத்தில் மோதியது. சுளுக்குத்தான் என்று அவன் சிரித்தான். விடிந்து பார்க்க, கை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

விருந்து லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பிறகு. மேசை வழக்கமான இடத்தில். தொக்சு கதிரையில் இருந்தான். கோழி இருந்தது, சோடா இருந்தது, விசிறி அவன் முகத்தில் அடித்தது. பதில் சொல்ல வேண்டிய நாள். ஏற்கெனவே சொன்ன பதில்தான். பாயில் சஹன்கள் இறங்கின. றுவைஸும் இராகுலனும் இருந்த சஹனில் ஒரு இடம் இடைவெளியாகக் கிடந்தது. அஸ்ஹானின் இடம்.

அன்ஸார் வாசலைப் பார்த்து நின்றார். "இங்க ஒரு ஆள் குறையுது. ஒரு ஆள் வாங்கோ."

தொக்சுவின் கால்கள் தாமாகவே எழும்பின. யோசித்தா எழும்பினான் என்றால், இல்லை. இருபது வருடப் பழக்கம். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. அவன் போய்க் கையைக் கழுவினான், வந்தான், அந்த இடைவெளியில் சப்பணம் கட்டி இருந்தான். முழங்கால் இரண்டும் இரு பக்கத்து ஆட்களின் மடிக்குப் போயின.

"டேய் றுவைஸ்," என்றார் ஹாஜியார், முகம் வெளுத்து. "எழுப்புடா அவர. விருந்தாளிய நிலத்துல இருத்தினதெண்டு ஊரெல்லாம் கதைக்கும்."

றுவைஸ் குனிந்து கேட்டான். தொக்சு மெதுவாகப் பதில் சொன்னான்.

"ஆள் குறையுதெண்டு கூப்பிட்டீங்களாம். வந்தனான் எண்டு சொல்றார்."

இராகுலன்தான் முதலில் சோற்றில் கை வைத்தான். தொக்சுவும் வைத்தான். விரலால் கூட்டினான், பெருவிரலால் தள்ளினான். ஒரு பருக்கை விழவில்லை.

"அட, இவற்ற கை என்ர பக்கத்துக்கு வந்திட்டுது," என்றான் இராகுலன். "அன்ஸார் காக்கா, கை நீளத்துக்கு ஏத்த மாதிரி சஹனைப் பெருப்பியுங்கோ. இப்பிடியெண்டா எனக்கு எலும்புதான் மிஞ்சும்."

"நீ களவெடுத்த ஈரலுக்கெல்லாம் இண்டைக்குத்தான் கணக்கு," என்றார் அன்ஸார்.

சிரித்தார்கள். தொக்சுவுக்குச் சொல் விளங்கவில்லை. தன் கையைத்தான் நக்கலடிக்கிறார்கள் என்பது விளங்கியது. இந்த ஊரில் அவனை யாரும் முகத்துக்கு நேரே நக்கலடித்ததில்லை.

றுவைஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் பழக்கினது?" என்று கொரிய மொழியில் கேட்டான்.

"நானேதான். அறையில். கதவைப் பூட்டிவிட்டு."

"என்னவாம்?" என்றார் ஹாஜியார், தலைக்கு மேலே நின்றபடி.

றுவைஸ் தண்ணீர் குடித்தான். "கறி நல்லமாம்."

அந்த நேரம் வாசலில் அஸ்ஹான் வந்து நின்றான், வலக்கையில் மணிக்கட்டுத் தாண்டிக் கட்டோடு. தன் இடத்தைப் பார்த்தான், அதில் இருந்த ஆளைப் பார்த்தான். தொக்சுவும் அவனைக் கண்டான். உரிய ஆள் வந்தால் மாற்றாள் வெளியே போவதுதான் முறை. கையை உதறிக்கொண்டு எழும்பப் பார்த்தான்.

"இரு," என்று அதட்டினான் றுவைஸ். அந்த மேற்பார்வையாளரே எழும்பி வந்ததுபோல ஒரு கொரியக் குரல். தொக்சு இருந்துவிட்டான்.

"கையால திங்க ஏலாத நீ இங்க எதுக்குடா?" என்றார் அன்ஸார். "அங்க மேசையும் கரண்டியும் சும்மாதானே கிடக்கு. போய் இரி, ராசா மாதிரி."

அஸ்ஹானைக் கொண்டுபோய்க் கதிரையை நிமிர்த்தி இருத்தினார்கள். இடக்கையில் கரண்டியைக் கொடுத்தார்கள். அவன் கோழியைப் பார்த்தான், சோடாவைப் பார்த்தான், பாயில் இருந்தவர்களின் உச்சந்தலைகளைப் பார்த்தான். இரண்டு வாய்கூடத் தாங்கவில்லை.

"நான் என்ன குத்தம் செஞ்சன் எண்டு என்னைத் தனிய இருத்தி வெச்சிருக்கீங்க?"

பாயெல்லாம் சிரிப்பு. ஹாஜியாரும் சிரிக்கத் தொடங்கினார். தொடங்கிய சிரிப்பு பாதியில் நின்றது. மேசையைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார். அந்தப் பருவம் முழுக்கத் தானே பார்த்துப் பார்த்துத் திருப்பிவிட்ட விசிறியைப் பார்த்தார். பிறகு பாயில் குனிந்திருந்த உயரமான முதுகைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கச் சாமானின் விலையை முகத்தில் வாசித்த மனிதர், இப்போது கணக்குப் பிழைத்துப்போன கடைப்பையனைப் போல நின்றார்.

சாரத்தைச் சற்று உயர்த்திக்கொண்டு சஹன் பக்கத்தில் குந்தினார். ஒரு நல்ல துண்டை எடுத்துத் தொக்சுவின் பக்கம் தள்ளினார்.

"அவர் நிக்கிறாரா, போறாரா எண்டு கேளு மனே. ஏசியப் பத்தி ஒண்டும் கதைக்காத."

றுவைஸ் கேட்டான். தொக்சு வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான். ஒரு சொல்தான்.

"நிக்கிறாராம்."

அடுத்த நாள் காலை ஆச்சர்யம் ஒன்றும் நடக்கவில்லை. கதவு நிலை அதே உயரத்தில்தான் இருந்தது. தொக்சு நெற்றியை இடித்துக்கொண்டான். கரியர் வந்தது. திறந்து பார்த்தான். இடியப்பம், சம்பல், உறைப்புக் குறைக்காத மீன்குழம்பு. கரண்டி இல்லை.

தனியத்தான் சாப்பிட்டான். சஹன் தினமுமா வரும்? துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. கதவை மட்டும் பூட்டவில்லை.