டிக்கியில் இருந்தவர்

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் பிலிப்பினோ ஜெபமாலைக் கூட்டத்தில் பக்திக்கு உதாரணம் வேண்டுமென்றால் எல்லோரும் பெர்லீட்டாவைத்தான் காட்டுவார்கள். முதியோர் இல்லத்தில் நர்ஸ். புருஷனுக்குச் சுரங்கத்தில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். ஊரில் இரண்டு தங்கைகளை இவள்தான் படிக்க வைக்கிறாள். இத்தனைக்கும் நடுவில் ஒரு ஞாயிறு பூசை தவறியதில்லை. அப்படி மற்றவர்கள் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வாள். குனிந்த தலைக்குள் கொஞ்சம் இனிக்கும்.

குழந்தை இயேசுவின் சுரூபச் சிலை வாரம் ஒரு வீடாகப் போய்த் தங்குவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். தங்குகிற வீட்டுக்காரர்கள் தினமும் ஜெபித்துவிட்டு, போன் குழுவில் கைகூப்பும் படம் ஒன்று போட வேண்டும். வார முடிவில் அடுத்த வீட்டில் சுரூபத்தை ஒப்படைத்து, கிடைத்த அருளைச் சாட்சி சொல்ல வேண்டும்.

போன ஞாயிறு குழந்தை இயேசுவை வாங்கிய கையோடு பெர்லீட்டா டியூட்டிக்குப் போனாள். அவரைக் கார் டிக்கியில் வைத்தாள், ஒரு டியூட்டி நேரத்துக்குத்தானே என்று. மறுநாள் கூட வேலை செய்கிறவளுக்குக் காய்ச்சல். இவள் இரட்டை டியூட்டி. அந்த வாரம் முழுக்க அப்படியே ஓடியது. இடைவேளையில் சாண்ட்விச்சைக் கடித்தபடி கைகூப்பும் படத்தை மட்டும் தவறாமல் போட்டாள்.

அடுத்த ஞாயிறு மதியம் கூட்டத் தலைவி செனாய்டா வீட்டு வாசலில் எல்லோரும் பாடிக்கொண்டு நிற்க, பெர்லீட்டா டிக்கியைத் திறந்தாள். வெக்கை முதலில் வெளியே வந்தது. அதன் பின்னால் நாற்றம். சீனாக்காரர் கடையில் வாங்கி மறந்த கருவாட்டுப் பொட்டலம் பிரிந்து, அதன் எண்ணெய் சிவப்பு வெல்வெட் அங்கி முழுக்க இறங்கியிருந்தது. பசை உருகி கிரீடம் மூக்கு வரை சரிந்திருந்தது. கழுத்து வரை போர்த்திய நீல நீச்சல் துண்டு ஒன்று பாதி விலகிக் கிடந்தது. அது எப்படி வந்ததென்று அவளுக்குப் புரியவில்லை. பாட்டு நின்றுபோனது.

செனாய்டா சுரூபத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள்.

"மோந்து பாருங்கடி! மீன் வாசனை! இயேசுவோட சீடர் பேதுரு என்ன தொழில் பண்ணாரு? மீன்பிடி!"

"அக்கா, அது கருவாடு," என்றான் மற்றவர்களைத் தன் காரில் கூட்டி வந்த பெர்ட்டிங்.

"வாயை மூடுடா. உன் மூக்குக்குக் கருவாடு. விசுவாசம் இருக்கிற மூக்குக்குக் கலிலேயாக் கடல். ரத்தினம் மாதிரி ஒருத்தி வீட்டுல ஒரு வாரம் இருந்திருக்காரு, அடையாளம் குடுக்க மாட்டாரா?"

எல்லோரும் வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொருத்தராக முகர்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். மூட்டுவலிக்காரக் கிழவி ஒருத்தி அங்கியில் முகம் புதைத்து அழவே தொடங்கினாள். பெர்லீட்டாவுக்குக் காது வரை எரிந்தது. பக்கத்தில் பன்னிரண்டு வயது மகள் மாயுமி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் போட்டுப் பொய் சொன்னது போதாதென்று அதற்கு அற்புதம் வேறா என்று பெர்லீட்டாவுக்குப் பட்டது.

"அக்கா," என்றாள் பெர்லீட்டா. "எங்க வீட்டுக்கே அவர் வரல. வாரம் முழுக்க டிக்கியிலதான் கிடந்தாரு. நான் மறந்துட்டேன். ஜெபமும் பண்ணல. படம் மட்டும் போட்டேன்."

பெர்ட்டிங் மட்டும் இருமினான்.

செனாய்டா அவளைக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களா? அருள் கிடைச்சும் தனக்குத் தகுதியில்லைன்னு சொல்றா! இதுதான்டி தாழ்மை. நம்மள்ல யாருக்கு வரும்?"

கைதட்டினார்கள்.

இன்னொரு முறை சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "டியூட்டி இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுக் காருக்குள் போய் விழுந்தாள். அன்றைக்கு டியூட்டியும் கிடையாது. மாயுமி பின்னாலேயே வந்து உட்கார்ந்தாள். மடியில் அந்த நீலத் துண்டு.

"அது உன்னோடதா?"

"ம்."

"நீ அவரைப் பாத்தியா?"

"புதன்கிழமை காலையில, நீ தூங்குறப்போ. நீச்சல் பை எடுக்க டிக்கியைத் தொறந்தப்போ. வெயில் மூஞ்சியில அடிச்சுது, போத்திவிட்டேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"எப்போ சொல்றது? நான் ஸ்கூல் விட்டு வர்றப்போ நீ டியூட்டில. நீ இருக்கிறப்போ தூங்குற. எழுப்பக் கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காரு."

"வீட்டுக்குள்ளயாவது எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

மாயுமி துண்டின் ஓரத்தைச் சுருட்டினாள். "வியாழக்கிழமை அப்பா போன் பண்ணாரு. சாமி வீட்டுல இருக்காராம்மா, அம்மாவும் நீயும் தினம் முழங்கால் போடுறீங்களான்னு கேட்டாரு. நீ அப்படித்தான் அவர்கிட்ட சொல்லியிருந்தே போல. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படிம்மா எடுக்கறது? நீ சொன்னது பொய்னு எனக்குத் தெரியும்னு ஆயிடுமே."

பெர்லீட்டா சாவியைப் போட்டாள். திருகவில்லை.

செனாய்டா வீட்டுக்குள் ஜெபமாலை ஆரம்பித்துவிட்டது. முதல் மணி பெர்லீட்டாவின் தாழ்மைக்காக. செனாய்டாவின் குரல் தெரு முனை வரை கேட்கும். கார் கண்ணாடியா தடுக்கப் போகிறது?

"கண்ணாடியை ஏத்தவாம்மா?" என்றாள் மாயுமி. "நாத்தம் உள்ளேயே நின்னுடும். பரவால்லையா?"